மாவு மாத்திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். இதையே அப்பா போனில் சொன்னால் நம்பாதே, நான் எழுதினால் நம்பு. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அந்த ஊர்க் குளிர் கொஞ்சமாவது குறைந்ததா என்று எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், அவர் உடம்பைப் பற்றி நான் வாயைத் திறந்தால் உடனே இருமுகிறார். போன தடவை நீகூட, அப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லையாம்மா, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டாய். அது இருமல் இல்லை கண்ணு, எனக்கு விடுகிற எச்சரிக்கை. இப்போது அவர் பேக்கரியில் இருக்கிறார், எனக்குச் சலவைக் கடையில் இன்று விடுமுறை, அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன். பயந்துகொண்டே படிக்காதே. முடிவு நல்லதுதான், இல்லாவிட்டால் இப்படி நிதானமாக உட்கார்ந்து எழுதுவேனா.

மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய், அவருக்கு முழுக்கதையும் தெரியாது, அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அப்பாவுக்கு அதில் ஒரு சின்னக் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோனைத் திறந்து விட்ட குழாய் மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் வந்தால் ஆள் நெடுநெடுவென்று உயர்ந்துவிடுவாராம். இவருக்கு நாற்பதைத் தாண்டி வந்ததால் கையும் காலும் மூக்கும் தாடையும் மட்டும் வளர்ந்தன, கூடவே தலைவலியும் ஓயாத வியர்வையும். லட்சத்தில் சில பேருக்குத்தான் வரும் என்று டாக்டர் சொன்னபோது, பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி, பார்த்தியா என்று என்னைத் திரும்பிப் பார்த்த மனிதர் இவர். பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம் என்றும் அப்போதே கேட்டு வைத்துவிட்டேன், நீ கண்ணாடி முன்னால் போய் மூக்கைப் பிடித்துப் பார்க்காதே. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள், முழுவதையும் எடுக்க முடியவில்லை. அதனால் மாதாமாதம் பின்பக்கத்தில் ஒரு ஊசி. மருந்து கெட்டியாக இருக்கும், ஊசியும் அதற்கேற்ற தடிமன். அரை மூட்டை மாவை ஒரே ஆளாகப் பிசைந்து மேஜையில் அறைகிறவர், அந்த ஊசியைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக் கதவைப் பூட்டினியா, எனக்கு என்னவோ பூட்டலன்னு தோணுது, போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா என்பார்.

அப்படி இருக்கும்போதுதான், ஊசிக்குப் பதிலாக வாயில் போடுகிற மாத்திரை ஒன்றை ஆராய்ச்சி செய்கிறார்கள், வருஷக்கணக்கில் நடக்கும், சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். வாயில் போடுவது என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். உன் சித்திதான் குதித்தாள், எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சு, இப்போ எங்க அத்தானுக்கா என்று. அதற்கு இவர், எலி இப்போ நல்லா இருக்காம்மா, நான் விசாரிச்சிட்டேன் என்றார். மாத்திரைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு வாயில் எதுவும் படக் கூடாது. உனக்கும் எனக்கும் இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் விடிவதற்கு முன்னால் பேக்கரிக்குப் போய் அங்கேயே மாத்திரையைப் போடுகிறவரை நினைத்துப் பார். ஒரு பக்கம் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டு வெளியே வருகிறது, இன்னொரு பக்கம் கேக்கின் ஓரத்தை நறுக்கிப் போடுகிறார்கள், கிண்ணத்தில் க்ரீம் நுரைத்துக்கொண்டு நிற்கிறது, ருசி பார்ப்பதே இவர் வேலை. கல்யாணப் பந்தியில் கையைக் கட்டி உட்கார வைத்த மாதிரிதான். ஆனாலும் முதல் கட்டத்தில் ஒழுங்காகத்தான் இருந்தார். அந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் நிஜ மருந்து. ரத்தத்தில் ஹார்மோன் இறங்கியது, தலைவலி போனது, வியர்வை நின்றது. அவர் சட்டைக் காலரை எங்கள் கடையில் நான்தான் தேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா.

இரண்டாம் கட்டத்தில்தான் வம்பு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை, யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். நமக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இப்படி ஒருவருக்குமே தெரியாமல் நடக்கிற காரியத்தை நம் குடும்பக் கல்யாணங்களில்தான் பார்த்திருக்கிறேன். உன் அப்பா அந்த முதல் மாத்திரையை மட்டும் வீட்டிலேயே விளக்குக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார், பிறகு நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடினார். இத்தனை வருஷமா மாவுல கிடக்கேன், மாவு எது மருந்து எதுன்னு என் நாக்குக்குத் தெரியாதா, இது சத்தியமா மருந்துதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விழுங்கினார். நானும் நிம்மதியாகிவிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாள் போனது. அப்பா திடீரென்று தன் சட்டையைத் தானே துவைக்க ஆரம்பித்தார். குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மனிதர், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு துவைக்கிறார். கேட்டால், நீ பாவம், கடையிலயும் துணி வீட்லயும் துணியா என்கிறார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சித்தியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, அக்கா, ஆம்பளை தன் சட்டையைத் தானே துவைச்சா அது நல்லதுக்கில்ல, காலரைப் பாத்தியா, பொம்பளை வாசனை ஏதாவது என்றாள். அடுத்த நாள் அவர் வந்து துவைக்க உட்கார்ந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் சட்டை, காலர் முழுக்கப் பழுப்பு, கையில் என் பிரஷ். முகத்தில் வியர்வை சொட்டுகிறது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்திருந்தார். வேறு பெண்ணாக இருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன் கண்ணு, அந்தக் காலரைப் பார்த்ததும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளா என்றேன். கொஞ்ச நாளாத்தான் என்றார். தலைவலி? அதுவும்தான். ஏன் சொல்லல என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள்.

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தினமும் ஒரு கரண்டி க்ரீம் சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். க்ரீமை விட்டுப் பார்த்தாராம், அப்படியும் வியர்வை நிற்கவில்லை, மருந்து கோபித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார். சொன்னால் ஆராய்ச்சியை விட்டு அனுப்பிவிடுவார்கள், மறுபடி ஊசி. அதுகூடப் பரவாயில்ல, என்னை நம்பி மாத்திரை குடுத்தாங்க, நான் திருட்டுத்தனமா க்ரீம் தின்னதுல இந்த மருந்தே தோத்துப்போச்சுன்னு எழுதிட்டா, என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் ஊசிக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க என்றார். ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறார். நான் திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் குழாயை மூடினேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த நர்ஸ் பெண் இருக்கிறாளே, ஆராய்ச்சி முழுக்க அவள் கையில்தான், அவள் முன்னால் போய் இவர் நகைக்கடையில் பிடிபட்டவர் மாதிரி நின்றார். ஒரு கரண்டின்னா எவ்வளவு பெரிய கரண்டி என்று அவள் கேட்டாள். இவர் காற்றில் காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள், நான், அதைவிடப் பெருசு என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொண்டாள். டாக்டர் க்ரீமைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை, தலைவலியை மறைத்ததற்குத்தான் பிடிபிடியென்று பிடித்தார். உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு கேக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும், நீங்க அது வாயையே பொத்திட்டீங்களே என்றார். ரத்தம் எடுத்தார்கள், ஹார்மோன் ஏறியிருந்தது. அப்படி ஏறினால் காத்திருக்க வைக்க மாட்டார்களாம், நேராக மூன்றாம் கட்டம். அதில் குலுக்கல் கிடையாது, எல்லோருக்கும் நிஜ மருந்து, வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். அதிலிருந்து இவர் கடைப்பிடித்த பத்தியத்தை நீ பார்க்க வேண்டுமே, அந்த ஒரு மணி நேரமும் க்ரீம் கிண்ணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பேசுகிறாராம், பேக்கரிப் பையன்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். வியர்வை குறைந்தது, தலைவலியும் விட்டது, போன வாரம் எடுத்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.

அந்தப் போன வாரம்தான் இரண்டாம் கட்டம் எல்லோருக்கும் முடிந்து, யார் யாருக்கு எது என்ற ரகசியத்தைத் திறந்தார்கள். உன் அப்பாவுக்குக் கொடுத்தது மருந்தில்லாத மாத்திரை! டாக்டர் சொன்னதும் இவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, அப்போ நான் க்ரீமை விட்டது எதுக்கு என்று கேட்டார். நர்ஸ் பெண்ணால் முடியவில்லை, வெளியே ஓடிவிட்டாள். என்னாலும் முடியவில்லை, உங்க நாக்கு சத்தியம் பண்ணுச்சே என்றேன். அசரவில்லை, ரொம்ப நைசா அரைச்ச மாவு, எவனா இருந்தாலும் ஏமாந்துதான் போவான் என்றார். டாக்டர் மட்டும் சிரிக்காமல், மருந்து இல்லேன்னா என்ன ஆகும்னு காட்டினது உங்களை மாதிரி ஆளுங்கதான், அது தெரியாம மருந்து வேலை செய்யுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது என்றார். அதைக் கேட்டதும் இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்கடித்துவிட்டோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவர் இல்லையா.

வெளியே வந்தால் காத்திருக்கும் இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராம், முதல் தடவையாக வந்திருக்கிறார். நான் திடுக்கிட்டுப் போனேன், அதே மூக்கு, அதே தாடை, இவருக்கு எனக்குத் தெரியாமல் ஒரு அக்கா இருக்கிறாரா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். துப்பட்டாவுக்குள் இரண்டு கையையும் சுருட்டி மறைத்து வைத்திருந்தார். அப்பாவும் அப்படித்தான், உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கை நீட்டியபோதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெறுமனே தலையாட்டியது உனக்குத் தெரியாது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்துத் தன் முழங்கால் மேல் வைத்தார். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தன் கை ஒன்றை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்து, என்னோடதுதான் பெருசு என்றார். இல்லம்மா, எனக்குத்தான் என்றார் இவர். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து அளந்து பார்த்தார்கள், ஒரே அளவு. இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை, நடுவர் வேண்டும் என்று நர்ஸைக் கூப்பிட்டார்கள். நான்தான் அங்கே நிற்க முடியாமல், தண்ணீர் குடிக்கிற மாதிரி போய்விட்டு வந்தேன்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை, போன மாதம் மாதிரி மாப்பிள்ளை வரும்வரை படியில் உட்கார்ந்திருக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசு ஒத்து, நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா