காப்பித் தோட்டத்து வெள்ளைப் பூஞ்சை

எடப்புளி நாடு
24.8.2023

அன்புத் தங்கை தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, கண்ணு. சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாய் என்ற கோபமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. பாப்பாவைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று மாப்பிள்ளையே சொன்னாராமே. வராமல் இருப்பேனா?

காப்பிக்காயைத் துளைக்கிற வண்டு இந்த வருஷம் தோட்டத்தையே தின்றிருக்கும். நல்லவேளை, கடையில் ஒரு வெள்ளைப் பூஞ்சைப் பொடி கொடுத்தார்கள். மழை ஈரத்தில் அது வண்டின் உடம்பில் முளைத்து அதைக் கொன்றுவிடுகிறது. மனுஷருக்கும் மாட்டுக்கும் கெடுதல் இல்லை. ஞாயிறு காலை மிச்சத்தையும் அடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறுகிறேன்.

உன் அண்ணன்,
ராசு

காளப்பநாயக்கன்பட்டி
9.9.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டபோது என் மாமியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பட்டுப்புழுக் கொட்டகையில், "ஏனுங்க மச்சான், நீங்களும் ஒரு கை இலை போடுங்க" என்று இவர் சொல்ல, எல்லாத் தட்டிலும் மல்பெரி இலை போட்டீர்களே.

அந்தப் புழுக்கள் செத்துவிட்டன, அண்ணா. கூடு கட்ட வேண்டிய நேரத்தில் இரை எடுக்காமல் கிடந்து, விறைத்து, சுண்ணக்கட்டி போல் வெளுத்துவிட்டன. பட்டு ஆபீஸ் அம்மா பார்த்ததுமே கேட்டார்: "வெள்ளைப் பூஞ்சை அடிக்கிறவங்க யாராச்சும் வந்தாங்களா? வண்டைக் கொல்றது பட்டுப்புழுவையும் கொல்லுமுங்க. துணியில ஒட்டிட்டு வந்தாலே போதும்."

"யாரும் வரலீங்க" என்றேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்கள்மேல் குறை இல்லை. தெரிந்தா செய்தீர்கள்?

தேன்மொழி

எடப்புளி நாடு
22.9.2023

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்ததும் பொடி வாங்கின கடைக்குத்தான் ஓடினேன். கடைக்காரரைக் கேட்டால், "இந்த மலையில யாருங்க பட்டுப்புழு வளக்கறாங்க? அதான் சொல்லலை" என்கிறார்.

சனிக்கிழமை தலைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, மாப்பிள்ளை கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க இறங்கி வந்தேன். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்தான் அந்த நினைப்பு வந்தது. முடியிலோ நகக்கண்ணிலோ இன்னும் ஒட்டியிருந்தால்? அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

பூஞ்சையை விடவும் வழியில்லை. காப்பி போனால் உன் அண்ணியும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? உன் வீட்டில் புழு வளர்க்கிறவரை நான் வாசலை மிதிக்க மாட்டேன், சாமி.

ராசு

காளப்பநாயக்கன்பட்டி
3.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இனிப் புழு வளர்ப்பது இல்லை. மல்பெரியைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு நட்டிருக்கிறோம். இவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை வருவார்.

கிளம்பும்போது சொன்னார்: "உங்கண்ணன் மேல கோவம் இல்ல புள்ள. ஆனா அவரைப் பாத்தா வெளுத்துக் கெடந்த புழுதான் கண்ணுக்குள்ள வருது. நான் ஊட்ல இருக்கையில வர வேண்டாம்னு எழுதீரு."

எழுதிவிட்டேன்.

இவர் இல்லாத நாளில் வாருங்கள் என்று சேர்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தங்கச்சி வீட்டுக்கு வந்து போகிறவரா என் அண்ணன்? அதை எழுதக் கை வரவில்லை.

பாப்பா நன்றாக இருக்கிறாள்.

உங்கள் தங்கை,
தேன்மொழி