துடைத்தல் என்று எழுதிய சீட்டு

இன்று காலை புது லைனுக்கு வேலைப் படம் போட, பழைய பழுப்புத் தாள் சுருளை விரித்தபோது உள்ளிருந்து ஒரு மஞ்சள் சீட்டு விழுந்தது. உன் கோணல் கையெழுத்தில் ஒரே சொல்: துடைத்தல். பசை எப்போதோ காய்ந்துவிட்டது. புது லைன் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறதடி.

அந்த வாரம் நினைவிருக்கிறதா? நாம் செய்த பம்புகள் ஒழுகுகின்றன என்று திரும்பி வந்துகொண்டிருந்தன. மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் நம் லைனையே மூடிவிடுவதாகப் பேச்சு. பதினான்கு பெண்களின் பிழைப்பு. லைன் லீடர் நான், தரம் பார்ப்பவள் நீ. வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் படம் போடச் சொன்னார்கள். நான் ஏசி அறையில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய விதிமுறைத் தாளைப் பார்த்து ஒன்பது படி எழுதி, அம்புக்குறியும் போட்டு முடித்துவிட்டேன்.

நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். "நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தக் கம்பெனி எங்கடி இருக்குது?"

பிறகு பம்ப் ஒன்றின் வெறும் கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் கூடவே நடந்தாய். ஒவ்வொருத்தியிடமும் அவள் வீட்டுப் பேச்சில் ஒரே கேள்வி. அஞ்செட்டிக்காரியிடம் "அப்புறம்?", அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவளிடம் கன்னடத்தில் "ஆமேலே?", பாகலூர்ப் பெண்ணிடம் தெலுங்கில் "தருவாத்த?" யாரையும் அதட்டவில்லை. பதில் வர வர, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு எழுதிப் பழுப்புத் தாளில் ஒட்டினாய். ஒன்பது படி இருபத்துமூன்று ஆனது! அம்மாடி, ஆறு வருஷம் நான் நின்ற இடத்தில் இத்தனை நடந்திருக்கிறதே என்று சீட்டுகளை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

ரப்பர் வளையம் மாட்டுகிறவளிடம் கேட்டபோதுதான் ஒழுகலின் காரணம் வெளியே வந்தது. "பனியில வளையப் பெட்டி நனைஞ்சு வருதுங்கக்கா. பழந்துணியில ஒரு தொட தொடைச்சுக்குவோம். இதெல்லாம் ஒரு வேலைன்னு எழுதுவாங்களா?" அந்தத் துணியின் நூல் வளையத்துக்கடியில் சிக்கி, அதன் வழியாகத்தான் ஒழுகியிருக்கிறது.

மேனேஜர் குதித்தார். "யாரு தொடைக்கச் சொன்னது?"

சொன்னது நான்தான். நான் சொன்ன அன்று பக்கத்தில் நின்று கேட்டவள் நீ.

"படத்துல வேலையைத்தான் எழுதுவோம் சார். ஆளை எழுதமாட்டோம்" என்றாய். குரல்கூட உயரவில்லை.

துணியை நிறுத்திவிட்டு, காற்றடித்துக் காயவைத்தோம். லைன் தப்பியது. அன்று பஸ்ஸில் சூளகிரி வரை நான் அழுதுகொண்டே வந்தேன், நீ வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாய். அதைப் பற்றி அப்புறம் ஒரு தரம்கூட நீ பேசவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்தபோதும் வாய் வரவில்லை.

இன்று வேலையைப் படிப்படியாகச் சொல்லச் சொன்னதும், இந்தப் பெண்களும் விதிமுறைத் தாளைத்தான் ஒப்பித்தார்கள். மேனேஜர் நின்றுகொண்டிருந்தால் எவள் வாயைத் திறப்பாள்? உன் சீட்டை டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். "ஒரு காலத்துல இப்படித் தொடைக்கச் சொன்னது நான்தான். அதனாலதான் பம்பெல்லாம் ஒழுகுச்சு" என்றேன். மேனேஜர் என்னையே பார்த்தார்.

அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். "எனக்கும் ஒரு சீட்டு குடுங்கக்கா."

கொடுத்தேன். அவள் எழுதியதை வாங்கி உன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, உன்னைப் போலவே கேட்டேன்: "அப்புறம்?"