வெந்நீரில் வளைந்த பல் உறை

செவ்வாய்க்கிழமை காலை, சமையலறையில், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்காமலிருக்க இரவில் நான் மாட்டிக்கொள்ளும் பல் உறை வெந்நீர்ப் பாத்திரத்தில் வளைந்து கிடந்தது.

அதைப் பார்த்ததும் உன்மேல் கத்திவிட்டேன். நீ மகளைப் பள்ளியில் விடப் போய்விட்டாய். அதன்பிறகு என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "வெந்நீர்ல போட்டீங்களா? அது பிளாஸ்டிக் சார், முட்டை இல்ல" என்றார். விரிசல் விட்ட கடைவாய்ப் பல்லுக்காவது இப்போதே கேப் போடலாமா என்று கேட்டேன். "உறை இல்லாமப் போட்டா கேப்பையும் தூக்கத்துலயே அரைச்சுத் தள்ளிடுவீங்க. முதல்ல வந்து அளவு குடுங்க" என்றார். அங்கேதான் கிளம்புகிறேன்.

சாப்பாடு ஹாட்பாக்சில் இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வருவார். குளியலறைக் குழாயை மட்டும் காட்டு, மற்றதை அவரே கண்டுபிடித்துவிடுவார். சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும்.

வாடை அடிக்கிறதென்று நேற்று உறையைப் போடாமல் படுத்தது நான். "மாவு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்குப்பா" என்று தலையணையோடு மகள் அறைக்குப் போனவள் நீ. காலையில் எழுந்ததும் அந்த உறையை ஏன் கழுவினாய் என்பது, நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பின்குறிப்பு: செருப்பு மாட்டும்போது கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். புது உறை வர வெள்ளிக்கிழமை ஆகுமாம். உன் போர்வையையும் மகள் கட்டிலில் வைத்துவிட்டேன்.