பன்னிரண்டு பாட்டில் பூசணம்

2-1-61, திங்கள்
விருதுநகர். காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். தேயிலைத் தோட்டத்தில் ஒரு மாத லீவு. வேலையையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அங்கே மலை ஈரத்தில் கண்ட கண்ட பூசணமும் பாட்டிலுக்குள் நுழைகிறது.

தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு ஒன்று, மேலெல்லாம் வெள்ளைப் பூசணம் பூத்துச் செத்துக் கிடந்தது. அந்தப் பூசணத்தைச் சோற்றில் வளர்த்து மற்ற வண்டுகள் மேல் தெளிக்க வேண்டும். தங்கம் அரை வேக்காட்டில் சோறு வடித்து, பாட்டிலில் போட்டு, இட்லிக் கொப்பரையில் அவித்துத் தந்தாள். ஆறியதும் வண்டின் பூசணத்தைத் தூவினேன். 12 பாட்டில்.

"சோத்துல பூசணம் புடிச்சா ஊருல பொண்டாட்டிய வைவாக. நீங்க என்னடான்னா, புடிக்கணுமேன்னு சாமி கும்பிடுறீக!"

9-1-61, திங்கள்
பன்னிரண்டிலும் பூத்துவிட்டது. பால் வெள்ளை!
த.வுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். கண் மஞ்சள். காமாலை என்றார் டாக்டர். அவள் அம்மா காரியாபட்டியிலிருந்து வந்தாயிற்று.
வாங்க: குளுக்கோஸ், பஞ்சு, கீழாநெல்லி.

13-1-61, வெள்ளி
காலை ஆறரை. போய்விட்டாள்.

15-1-61, ஞாயிறு
நேற்றுப் பொங்கல். தெருவெல்லாம் கரும்புத் தோகை.
தினம் பன்னிரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேனே, பாவி, அவள் கண்ணை ஒரு நாள் பார்த்தேனா?

பின்னறைக்குப் போனேன். பாட்டிலெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது.
"எளவு வீட்டுல ஆக்குன சோறு இருக்கலாமா மாப்ள? பானையில இருந்ததோட அதையும் கொட்டிட்டேன். பூசணம் வேற. ஏன், தப்பாப் போச்சா?"
மகளைப் பறிகொடுத்தவள். "ஒண்ணுமில்ல அத்தே."
குப்பைக்குழியைக் கோழி கிளறியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் கையால் வடித்த கடைசிச் சோறு.

18-1-61, புதன்
மேகமூட்டம். தோட்டத்திலிருந்து கடிதம்: கோடை மழைக்கு முன் தெளிக்க வேண்டும், பாட்டில்களுடன் வரவும்.
அந்த வண்டு தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மறுபடி தொடங்கலாம்.

நானே உலை வைத்தேன். குழைந்துவிட்டது. இரண்டாவது, உள்ளே வேகாத நறுக்கரிசி. குறிப்பேட்டைப் புரட்டினேன். பூசணம் எடுத்த விதம், வெப்பம், நாள்கணக்கு, எல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறேன். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை கொதி? அந்த இடத்தில் 'த. வடித்தது' என்று மட்டும்.

மூன்றாவது உலை கொதிக்கிறது. எப்போது இறக்கணும், தங்கம்?