கனம் தெரியாத ஜிமிக்கி

ஜூலை 8, செவ்வாய்

பட்டுநூல் ஜிமிக்கி முடிந்தது. பச்சையிலும் மாம்பழ மஞ்சளிலும். அட்டையில் குத்தி, பஞ்சு வைத்து, டப்பாவை மூடி, கூடலூர் போகிற ஜீப்பில் கொடுத்துவிட்டேன், நதியாவின் பேன்சி ஸ்டோருக்கு. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 10

பொழுதுபோக்கு என்றுதான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஜேசுராஜ் போன நவம்பரில் இறந்ததிலிருந்து, காலையில் எழுந்திருக்க இது ஒன்றுதான் காரணம். நூல் சுற்றும்போது எதையும் நினைக்க வேண்டியதில்லை. துக்கமா என்றால் அதுவும் இல்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன். அடக்கம் செய்த அன்றுகூடக் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஜக்கம்மா அன்று என் காதையும் கழுத்தையும் பார்த்து, "கழத்துறதுக்குக்கூட இவகிட்ட ஒண்ணும் இல்லையே" என்றாள். உண்மைதான். எங்கள் சபையில் நகை போடுவதில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்தபோதே தோடு முதல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அவர் இருந்தபோதும் இப்படித்தான் இருந்தேன். போன பிறகும் அப்படியே இருக்கிறேன்.

ஜூலை 14

நதியா போன் செய்தாள். "அக்கா, பாக்க அம்சமாத்தான் இருக்கு. ஆனா வாங்குனவுக எல்லாம் காது அறுந்து விழுற மாதிரி இருக்குங்குறாக. நீங்க போட்டுப் பாக்கவே மாட்டீகளா?"

போட்டுப் பார்ப்பதா? நானா? கையில் வைத்துத்தான் பார்ப்பேன். கைக்குக் கனம் எங்கே தெரிகிறது? கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று மணியை வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறேன். தூர்ந்துபோன காதை வைத்துக்கொண்டு ஜிமிக்கி விற்கக் கிளம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓணத்துக்குக் குமுளிப் பக்கமிருந்து ஆட்கள் வருவார்களாம். சரிசெய்தால் எடுத்துக்கொள்வாள், இல்லாவிட்டால் இத்தோடு வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் காலையில் நான் எதற்கு எழுந்திருப்பது?

ஜூலை 16

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 19, சனி

கம்பம் பஜாரில் ஆசாரியிடம் காது குத்திக்கொண்டேன். "பிள்ளைக்கா?" என்றார். எனக்கு என்றேன். குத்தும்போது வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பார்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருடைய அம்மா.

"இதோட சபைக்கு எப்பிடிப் போவ, எப்சி?"

"கனம் பாக்கத்தான் அத்தை."

"எம்மகன் இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தோட்டைக் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். அத்தை தனியாகச் சபைக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 20

புண் ஆறிவிட்டது. ஜிமிக்கியை மாட்டினேன். அடேயப்பா, என்ன கனம். தலையைத் திருப்பினால் கழுத்தில் இடிக்கிறது. சிரிப்பு வந்தது. "ஏங்க, இங்கன வாங்களேன், இதப் பாருங்க" — வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன்.

யாரு வருவா? எங்க போனீக? என்னைய விட்டுட்டு எங்க போனீக?

தரையில் உட்கார்ந்து அழுதேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "அழு ஆத்தா. நீ அழுகலையேன்னு நானும் அடக்கிக்கிட்டே கெடந்தேன்" என்றார்கள். பிறகு அவர்களும் அழுதார்கள். மத்தியானம் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 25

மணியைக் குறைத்து மறுபடி செய்தேன். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன், துணி காயப்போட்டேன். பரவாயில்லை. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 28

"இப்பச் சரியா இருக்குக்கா" என்றாள் நதியா. சந்தோஷமாக இருந்தது. அவரிடம் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. இரண்டும்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தோட்டோடு சபைக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா என் காதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அத்தை முந்திக்கொண்டார்கள்.

"அவள ஒண்ணும் கேக்காதீகம்மா. இப்பத்தான் அழ ஆரம்பிச்சிருக்கா."