முப்பத்தைந்து மைலுக்கு மேலே போகாத கார்

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கும்போது என் நீல வொயில் சேலை அகப்பட்டது. சேலை என்று சொல்லக்கூடாது. நீங்கள் நான்காக வெட்டி மடித்து வைத்த துண்டுகள். முகத்தருகே கொண்டுபோனேன். கார் மெழுகின் மணம் இன்னும் போகவில்லை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அழுகை வரும் என்று பார்த்தேன். வந்தது கோபம்.

"பழைய சேலைதானே. மெத்தெண்டு இருக்கு, பெயின்ற்றிலை கீறல் விழாது" என்றீர்கள். இரண்டே தரம் உடுத்த சேலை அது. அன்றே சொன்னேன், உங்கள் காதில் விழவில்லை. ஆகவே இப்போது திரும்பவும் சொல்கிறேன்.

புதுக் கார்கள் மறுபடி நாட்டுக்குள் வரத் தொடங்கிய காலம். இருபது வருஷம் துறைமுகத்தில் கிறேன் இயக்கிய நீங்கள், வாழ்நாளில் ஒரேயொரு ஆசை என்று அந்த வெள்ளைக் காரை எடுத்தீர்கள். கொழும்பிலிருந்து விடியப் புறப்பட்ட உங்களைப் பின்னேரமாகியும் காணவில்லை. எங்கேயோ மோதிவிட்டீர்கள் என்று நான் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு எங்கள் லிங்கநகர்ச் சந்தியில் நின்றேன். கடைசியில் வந்து சேர்ந்தீர்கள், மாட்டுவண்டிக்குப் பின்னால். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "ஒருத்தரும் தொடாதேங்கோ."

அப்போதுதான் 'ரன்னிங் இன்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். புது எஞ்சினை மெல்ல மெல்லப் பழக்க வேண்டுமாம். முதல் ஆயிரம் மைலுக்கு முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. ஒரே வேகத்திலும் ஓடக்கூடாது. நிறுத்தி வைத்து உறுமவிடவும் கூடாது. காரோடு வந்த கையேட்டை நீங்கள் தேவாரம் போல மனப்பாடம் செய்திருந்தீர்கள்.

கோயிலுக்குக் கொண்டுபோனோமே, நினைவிருக்கிறதா? ஐயர் தேங்காய் உடைத்து, சந்தனத்தைக் குழைத்து, முன்மூடியில் பூச வந்தார். நீங்கள் குறுக்கே பாய்ந்தீர்கள். "ஐயா, பெயின்ற் இன்னும் இறுகேல்லை. கண்ணாடியிலை வையுங்கோ." ஐயர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

தண்ணீர்க் கதையை நான் மறக்கவே மாட்டேன். எங்கள் கிணறு உவர். அதில் கழுவினால் பெயின்ற் மங்கிவிடும், ஏற்கெனவே கடற்காற்று போதாதா என்று, அன்புவழிபுரத்தில் தெரிந்தவர் வீட்டு நல்ல கிணற்றிலிருந்து சைக்கிளில் இரண்டு வாளி கொண்டுவருவீர்கள். கார் நல்ல தண்ணீரில் குளித்தது. நானும் நீங்களும் உவர்த் தண்ணீரில் தேத்தண்ணீர் குடித்தோம். ஒரு நாள் காருக்கு வந்த தண்ணீரில் ஒரு கேத்தல் நான் மொண்டுவிட்டேன் என்று எத்தனை முறைப்பு! பிள்ளை இல்லாத வீடு, அதுதான் இப்படி என்று சனம் கதைத்தது. இல்லை. பத்துப் பிள்ளைகள் இருந்திருந்தாலும் நீங்கள் இப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

ஆயிரம் மைல் சேர வேண்டுமே என்று ஒவ்வொரு பின்னேரமும் நிலாவெளி றோட்டில் ஓட்டம். நான் பக்கத்தில் இருக்க வேண்டும். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போவார்கள். எனக்கும் கார் ஓடப் பழக்குங்கள் என்று முதல் வாரமே கேட்டேன். "ஆயிரம் முடியட்டும், பழக்கிறன். இப்ப புதுக்கை எஞ்சினுக்கு ஏலாது." முடிய எவ்வளவு இருக்கிறது என்று நான் நாளும் மைல்கணக்கை எட்டிப் பார்ப்பேன்.

எழுநூறைத் தாண்டிய கிழமை, ஒரு பின்னேரம், சாம்பல்தீவுப் பாலம் கடந்து கொஞ்ச தூரத்தில் உங்கள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். சட்டை முழுக்க வேர்வை. இடது கை மடியில் கிடந்தது. "வாய்வு போல" என்றீர்கள். காரை ஓரங்கட்டினீர்கள். பக்கத்தில் நல்ல மரநிழல் இருந்தது. அங்கே நிறுத்தினீர்களா? இல்லை. காகம் எச்சமிடும் என்று, அந்த நோவிலும், பத்து யார் தூரம் தள்ளி வெயிலில் நிறுத்தினீர்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருக்கிறது.

சாவி தொங்குகிறது. பெற்றோல் இருக்கிறது. எஞ்சின்கூட ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் முகம் சாம்பலாகிறது. அதை ஒரு முழம் நகர்த்த எனக்குத் தெரியாது. இறங்கி றோட்டின் நடுவே நின்று இரண்டு கையையும் விரித்தேன். மீன் லொறி ஒன்று வந்து நின்றது. கிண்ணியா முஸ்லிம்கள் இருவர் அதில் இருந்தார்கள். ஓட்டி வந்தவரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டேன்.

"நானா, இவருக்கு நெஞ்சு நோகுது. எனக்குக் கார் ஓடத் தெரியாது."

"பயப்படாதங்க தங்கச்சி" என்று ஓட்டி வந்தவர் குதித்தார். லொறியை மற்றவரிடம் விட்டார். உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துக் கிடத்தினார். மீன் செதில் ஒட்டிய இடுப்புச் சாரத்தோடு உங்கள் ஆசனத்தில் ஏறினார். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். என்னைத்தான் தேடுகிறீர்கள் என்று குனிந்தேன்.

"தம்பி, முப்பத்தைஞ்சுக்கு மேலை போகாதேங்கோ. ரன்னிங் இன்."

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "ஐயா, காருக்கு வேற எஞ்சின் போடலாம். ஒங்களுக்குப் போட ஏலாது."

ஆஸ்பத்திரியில் டொக்டர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அந்த நானாவை நன்றி சொல்லத் தேடினேன். மீன் பழுதாகிவிடும் என்று போய்விட்டிருந்தார். மூன்றாம் நாள் உங்களுக்கு நல்ல நினைவு வந்தது.

"எத்தினையிலை ஓடினவன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வார்ட்டே கேட்கக் கத்தியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் உதடு வெடித்திருந்தது. டொக்டரும் மனதைக் குழப்ப வேண்டாம் என்றிருந்தார்.

"முப்பத்தைஞ்சிலைதான்."

"மெய்யே?"

"ஓம். நான் வேக முள்ளைப் பாத்துக்கொண்டுதான் வந்தனான்."

"நல்ல பொடியன்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்கவில்லை, சொன்னேன்: நாளைக்குத் தொடங்குகிறோம். நீங்கள் மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தபடி கிளச்சை எப்போது விடுவது, கியரை எப்போது மாற்றுவது என்று தொண்டை வற்றக் கத்தினீர்கள். இரண்டாம் கிழமை கேற் தூணில் இடது பக்கக் கதவை உரசிவிட்டேன். ஒரு முழ நீளக் கீறல். இரண்டு நாள் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சின்னத் தூரிகையால் வெள்ளை பூசி முடித்துவிட்டு எழுந்தீர்கள். "இனிக் கீறிறதெண்டால் இந்தப் பக்கமே கீறும்" என்று சாவியை என் கையில் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், வீட்டுக்கு வந்தவர் எல்லோரிடமும் ஒரே பெருமை. "ஆயிரம் மைலும் முப்பத்தைஞ்சைத் தாண்டவேயில்லை. அதாலைதான் எஞ்சின் சத்தமில்லாமல் கிடக்குது." குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன். எத்தனையோ தரம் வாய்வரை வந்தது. நீங்கள் முன்மூடியைத் துடைக்கும் விதத்தைப் பார்த்தால் விழுங்கிவிடுவேன்.

இரண்டாம் தரம் நெஞ்சு நொந்தபோது றோட்டில் நின்று கை விரிக்க வேண்டியிருக்கவில்லை. நானே கார் ஓடினேன். பக்கத்தில் சாய்ந்திருந்த நீங்கள் முள்ளையும் பார்க்கவில்லை, எஞ்சினையும் கேட்கவில்லை. என் முழங்காலில் கையை வைத்து, "மிதியும்" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

நாலு நாள் இருந்தீர்கள். அந்த நாலு நாளிலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அறுபத்தைந்து. சாம்பல்தீவுப் பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த மனுசன் அறுபத்தைந்தில் ஓடினார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்னும் மூன்று வருஷம் கிடைத்தது.

ஆனாலும் பாருங்கள், தனியே ஓடும்போது முள் முப்பத்தைந்தைத் தொட்டதும் என் கால் தானாகத் தளர்கிறது. பின்னால் பஸ்காரன் கோன் அடிக்கிறான், கையை வீசி ஏசுகிறான். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. மிதி என்கிறேன். கால் கேட்கமாட்டேன் என்கிறது.