வேகன் இல்லை என்று சொன்னவள்

1971 அக்டோபர் 4
ஹார்லன் இன்றும் நான் வேலை பார்க்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தார். அவருடைய தானியக் கிடங்கில் மக்காச்சோளம் கூரையை முட்டுகிறது. மிச்சத்தை வெளியே தரையில் கொட்டியிருக்கிறாராம்.
"என்னம்மா ஆர்டிஸ், இன்னிக்காவது வேகன் உண்டா? இல்ல, வழக்கம்போல கைய விரிக்கப் போறியா?"
விரித்தேன். ஜங்ஷனில் காலிச் சரக்கு வேகன்கள் வரிசையாக நிற்கின்றன. கேட்டால் இல்லையென்று சொல், கேட்டதைப் பதியாதே என்பது கோட்ட அதிகாரி வார்ட்வெல்லின் உத்தரவு. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அக்டோபர் 11
இன்று வார்ட்வெல்லிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. பெரிய கம்பெனி ஒன்று எங்கள் சின்ன ரயில்வேயைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் போகிறது. எங்கள் ஊரான ஆர்லினுக்கு வரும் கிளைப்பாதை மட்டும் அவர்களுக்கு வேண்டாம். சரக்கே இல்லை என்று காட்டினால்தான் மூட அரசு அனுமதி கிடைக்கும்.
"மினியாபொலிஸ் ஆபீஸ்ல உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். வாயத் திறக்காம இரு, போதும்."
கணவர் ரே இறந்த பிறகு என்னைத் தூக்கி நிறுத்தியது இந்த வேலைதான். வேறு என்ன தெரியும் எனக்கு?

அக்டோபர் 30
விடாத மழை. தரையில் கொட்டிய சோளம் முளைவிட்டுவிட்டது. அதைப் பார்க்காமலிருக்கச் சுற்றுவழியாக ஸ்டேஷனுக்குப் போனேன்.

நவம்பர் 25
நன்றி சொல்லும் நாள், வீட்டுக்கு வீடு விருந்து. ஹார்லனின் மனைவி லாவோன் விடவில்லை. "தனியா உக்காந்து சுவரையா பாத்துக்கிட்டிருக்கப் போற? கிளம்பு."
மேஜையில் ஹார்லன் வான்கோழியை என் பக்கம் நகர்த்தினார். "ஆர்டிஸ் கிட்ட கேக்காதீங்கப்பா. கறியும் இல்லேன்னுடுவா!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேனே! எப்படி முடிந்தது?

1972 பிப்ரவரி 15
பாதையை மூடுவது பற்றிக் கோர்ட்டில் விசாரணை. வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்திருந்தார். பைபிள்மேல் கைவைத்தேன். கம்பெனி வக்கீல் கேட்டார்: "போன அறுவடைக்கு யாராவது வேகன் கேட்டாங்களா?"
"அதிகமா இல்ல."
ஹார்லன் முதல் வரிசையில் இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ தவறாகக் காதில் விழுந்ததுபோல, லாவோனைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 16
தாங்கவில்லை. காலையில் விசாரணை அதிகாரியிடம் கெஞ்சி மறுபடி கூண்டில் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன் — உத்தரவு, ஜங்ஷனில் நின்ற வேகன்கள், ஹார்லன் வந்து வந்து கேட்டது. வார்ட்வெல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வக்கீல் அவசரமே படவில்லை. "அம்மா, நேத்தும் இதே பைபிள்தான். நேத்து பொய் சொன்னீங்களா, இன்னிக்கு சொல்றீங்களா?"
நேற்றே சொல்லியிருந்தால் என் சொல்லுக்கு மதிப்பு இருந்திருக்கும். இன்று இரண்டு நாளின் சொல்லும் செல்லாக்காசு.
வெளியே லாவோன் நின்றாள். "எங்க வீட்டுல சாப்பிட்டியேடி ஆர்டிஸ்."

பிப்ரவரி 18
வேலை போயிற்று. அது பெரிதாகத் தெரியவில்லை.

மே 9
பாதையை மூட அனுமதி கொடுத்துவிட்டார்கள். என் சாட்சியத்தை எந்தப் பக்கத்துக்கும் கணக்கில் எடுக்கவில்லையாம்.

ஜூலை 20
ஹார்லன் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. இனி எல்லாமே லாரியில்தான் போகவேண்டும். அவர் கிடங்கில் லாரிகளை எடை போட ஆள் வேண்டுமாம்.
"எனக்கா? லாவோன் என்ன சொல்றா?"
"திட்டுறா. எனக்கும் கோவம் தீரலம்மா. ஆனா ரெண்டாவது நாள் உன்ன யாரும் புடிச்சுத் தள்ளல, நீயாத்தான் ஏறின. திங்கக்கிழமை வந்துடு."

அக்டோபர் 17
அறுவடை. காலையிலிருந்து லாரிகள். மதியம் லாவோனே ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் இங்கே சேர்ந்த பிறகு எடை அறைக்குள் அவள் வருவது இதுதான் முதல்முறை.
"எவ்வளவு?"
சொன்னேன். அவள் என் தோளுக்குமேல் எட்டி, தராசு முள் எங்கே நிற்கிறது என்று தானே ஒருமுறை பார்த்தாள். பிறகுதான் தலையசைத்தாள்.
அவள் பார்ப்பதற்கு வசதியாக நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.